மடிநோயும் பற்றிக்கொள்ளும் ஈஸ்டும்

கறவைப் பசுக்களுக்கு நேரிடும் மடிநோய் பெரும்பாலும் பாக்டீரியா என்னும் கிருமிகளால் உண்டாவது. பெனிசிலின் முதலிய மருந்துகளுக்கு அவற்றுட் பல இணங்கிவிடும். ஆனால், மருந்து ஏற்றியும் வீக்கம் தணியாமல், பால் திரிதிரியாகவே வந்துகொண்டிருக்குமாயின், மடியிற் குடிகொண்டிருப்பது ஈஸ்ட் என்னும் நுண்ணிய காளானாக இருத்தல் கூடும். பழனி மலைச்சரிவில் வடகவுஞ்சி போன்ற கிராமங்களில் இதனை அறிந்திருத்தல் மிகவும் அவசியம். மழையும் மூடுபனியும் மிகுந்த நாட்களில் தொழுவம் எளிதில் உலர்வதில்லை; கால்நடை மருத்துவர் வருமுன், முன்னர் மீந்த மருந்தையே ஏற்றிப் பார்க்கலாம் என்னும் எண்ணமும் எழக்கூடும்.

ஈஸ்ட் மண்ணிலும், வைக்கோலிலும், சாணத்திலும், மாட்டின் தோலிலும் உள்ளது. ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும், பதநீரைக் கள்ளாக்குவதும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே. தீங்கிழைக்கும் இனங்கள் சிலவே. அவற்றுள் காண்டிடா அல்பிகன்ஸ் பெயர் பெற்றது.

நாள்தோறும் இருவேளை கறக்கும் பாலோடு கிருமியும் வெளியேறிவிடாதோ என்று சிலர் வினவலாம். மிதந்து திரிவன வெளியேறவே செய்கின்றன. மடியின் உட்சவ்வைப் பற்றிக்கொள்வனவே தங்கிப் பெருகுகின்றன. வழிநடப்போர் வேட்டியில் நாயுருவி விதை தொற்றிக்கொள்வதற்கு அதன் கூரிய முனைகள் காரணமாதல் போல, ஈஸ்டுக்கும் அதன் மேற்புறத்திலுள்ள புரதங்களே காரணம். இவற்றின் அடி, உயிரணுவின் சுவரில் ஊன்றியிருக்கும்; நுனி வெளியே நீண்டு, எதிர்ப்பட்ட சவ்வைப் பற்றும்.

காண்டிடா அல்பிகன்ஸில் ‘அல்ஸ்’ எனப்படும் புரதக் குடும்பம் உண்டு. அவற்றுள் மூன்றாம் எண்ணுடையது, ஈஸ்ட் நூல்போல் நீளும்போது தோன்றி, திசுவின் உயிரணுவைப் பற்றுவதோடு அதனுள் நுழையவும் வழி செய்கிறது. ‘ஹெச்.டபிள்யூ.பி. 1’ என்னும் மற்றொன்றின் செயல் விந்தையானது. உடலில் புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒரு நொதி உண்டு. அந்நொதியே இப்புரதத்தையும் தன் திசுவோடு சேர்த்துப் பிணைத்துவிடுகிறது என 1999-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வீட்டுக்காரனே திருடனை உள்ளே விட்டுத் தாழிடுவது போன்றது இது. காண்டிடா கிளாப்ராட்டா என்னும் இனத்தில் ‘ஈ.பி.ஏ. 1’ என்ற புரதம் திசுவின் மேலுள்ள சர்க்கரைப் பொருளைப் பற்றுகிறது. அதற்குரிய மரபணுவை நீக்கியபோது, ஒட்டுந்திறன் 100-க்கு 95 பங்கு குறைந்ததாக அதே ஆண்டில் தெரியவந்தது. இவை மனித உயிரணுக்களைக் கொண்டு கண்டவை. பசுவின் மடியிலும் அளவு இவ்வாறே இருக்குமென்று கொள்ளலாகாது.

பெனிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் சுவரை. ஈஸ்டின் சுவரோ வேறு பொருளால் ஆனது; ஆகவே அம்மருந்து அதனை ஒன்றும் செய்யாது. போட்டியிடும் பாக்டீரியாவை அழித்து, ஈஸ்டுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதும் உண்டு. இதனினும் கொடியது, சுத்தம் செய்யாத மருந்துக் குழாயைக் காம்பினுட் செலுத்துதல். சவ்வைத் தேடி அலையவேண்டிய ஈஸ்டை நேரே அதனிடம் கொண்டு சேர்ப்பது அக்குழாயே.

ஆகையால் மருந்து ஏற்றுமுன் பாலைச் சோதிப்பித்தல் வேண்டும். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, முதற்பீர்களை வேறு பாத்திரத்திற் பீய்ச்சி அப்புறப்படுத்தியபின், கொதிநீரில் வேகவைத்த புட்டியில் சிறிது பால் பிடித்து, குளிர்ச்சியாகவே கால்நடை மருந்தகத்திற்கு அனுப்புக. மலைக்கிராமங்களில் ஒருவர் தனித்துப் போவது சிரமமாதலால், கிராமாதிகாரிகள் பல வீட்டுப் புட்டிகளையும் ஒருங்கே அனுப்ப ஏற்பாடு செய்யலாம்.

ஈஸ்ட் என்று தெரிந்தால், மருத்துவர் சொற்படி முந்தைய மருந்தை நிறுத்தி, நோயுற்ற காம்பை நாளில் பலமுறை முற்றக் கறந்துவிடுதலே முதற்சிகிச்சை. பல பசுக்கள் இவ்வளவிலேயே சில வாரங்களில் தேறுகின்றன. நோயுற்ற பசுவைக் கடைசியிற் கறந்து, அப்பாலை மற்றப் பாலோடு கலவாமல் தொழுவத்திற்கு அப்பால் குழிதோண்டிக் கொட்டி மூடவேண்டும்.