குழந்தைகளின் புற்றுநோயும் நமது ஸதகாவும்



நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடி வயதில் மவ்த்தானார். அப்போது நபியவர்களின் கண்கள் கலங்கின. தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) கேட்க, இது ரஹ்மத் என்றார்கள் (புகாரி). பிள்ளைக்காக அழுவது ஈமானுக்குக் குறையல்ல. அதேபோல், பிள்ளைக்கு வைத்தியம் பார்க்காமல் இருப்பது தவக்குலும் அல்ல.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள் (அபூதாவூத்). அறிந்தவர் அதை அறிவார், அறியாதவர் அறியமாட்டார் என்ற கருத்து முஸ்னத் அஹ்மதில் கூடுதலாக வருகிறது. ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின்தான் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்துகளில் ஒன்று. செடி காலங்காலமாக இருந்தது. அதற்குள் இருந்த ஷிஃபா ஆய்வுக்கூடத்தில்தான் வெளிப்பட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிடாதீர்கள். அது விஷம்.)

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். 1960-இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு வந்தது. 1980-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பிழைப்பதே அரிது. அடையாறும், மும்பை டாடாவும், டில்லி எய்ம்ஸும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, எந்த மருந்தை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று ஒரு சிகிச்சை முறையை வகுத்து ஆராய்ந்தன. எம்.சி.பி. 841 என்று அதற்குப் பெயர். அதன்பின் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர்.

பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாமதமாகக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் பெரிய காரணங்கள். ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று வருடம் வைத்தியம் தொடரும். காய்ச்சல் நின்றதும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிடுகிறார்கள். தினக்கூலித் தகப்பன் எத்தனை நாள் வேலையை விடுவார் என்பதும் உண்மைதான்.

ஓதி ஊதச் சொல்லிப் பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள். ஓதுகிறேன். கூடவே, டாக்டரிடம் காட்டினீர்களா என்றும் கேட்கிறேன். விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே நீலத் தழும்பு, எலும்பு வலி, கட்டி, காலையில் தலைவலியோடு வாந்தி, கண்மணியில் வெள்ளை ஒளி – இவற்றில் எதைக் கண்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.

உதவி விஷயத்தில் ஒரு மஸ்அலா. ஜகாத்தை ஏழை நோயாளியின் கையில் உரிமையாகக் கொடுக்கலாம். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தால் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேறாது. அங்கே உரிமையாக்கிக் கொடுத்தல் இல்லை. ஆராய்ச்சிக்கு ஸதகா கொடுங்கள். மவ்த்துக்குப் பின்னும் நிற்காத அமல்களில் நிலையான தர்மத்தையும் பயன்தரும் கல்வியையும் நபியவர்கள் சேர்த்துச் சொன்னார்கள் (முஸ்லிம்). இதில் இரண்டும் இருக்கின்றன. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்யும் தம்பிகள் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கலாம். நேரடியாக மருத்துவமனைக்கே செலுத்தி ரசீது வாங்குங்கள்.

யா அல்லாஹ்! வார்டுகளில் படுத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! ஆமீன்.