பக்கவாதத்துக்குப் பிறகு: மூளையில் எந்த இடம் என்று கேளுங்கள்

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பற்றிக் குடும்பத்தார் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அப்பா வேணும்னே பேச மாட்டேங்கிறார்." "அம்மா என்னென்னவோ உளறுறாங்க, புத்தி பேதலிச்சிடுச்சோன்னு பயமா இருக்கு." "தாத்தா பாதிச் சாப்பாட்டை அப்படியே வைச்சிடுறார்." இந்த மூன்று பேரிடமும் பிடிவாதமும் இல்லை, பைத்தியமும் இல்லை. மூளையின் மேற்பரப்பில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இடம் பழுதாகியிருக்கிறது. அது எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் அவரிடம் எப்படிப் பேசுவது, எந்தப் பக்கம் உட்காருவது, தட்டை எப்படி வைப்பது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

மூளையைப் போர்த்தியிருக்கும் சாம்பல் நிறப் படலத்துக்குப் பெருமூளைப் புறணி என்று பெயர். தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதற்குள் சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள். ஜெர்மானிய மருத்துவர் கோர்பினியன் புரோட்மன் 1909இல் இதைப் பகுதிகளாகப் பிரித்து 52 வரை எண் கொடுத்தார். வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. கீழே சொல்லும் சில இடங்கள் தெரிந்தால் போதும்.

புரிகிறது, பேச வரவில்லை

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு நெற்றிமடல் என்று பெயர். இடது நெற்றிமடலின் கீழ்ப்பகுதியில் இருப்பது புரோக்கா பகுதி. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர், 'டான்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத ஒரு நோயாளியைப் பார்த்தார். மற்றவர் சொல்வது அந்த நோயாளிக்குப் புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இந்த இடம் சிதைந்திருந்தது.

இங்கே அடிபட்டவர் 'பையன் கடைக்குப் போய்க் காசு கொடுத்தான்' என்று சொல்ல நினைத்து, "பையன்... கடை... காசு" என்று திணறுவார். உருபும் வினைமுற்றும் உதிர்ந்துபோயிருக்கும். தான் திணறுவது அவருக்கே தெரியும். அதனால்தான் கோபமும் அழுகையும் வருகின்றன.

"என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். காபியையும் மோரையும் காட்டி, "காபியா, மோரா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வாக்கியத்தை முந்திக்கொண்டு நீங்கள் முடித்துவிடாதீர்கள். சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்வது பலருக்குப் பயன்படாது, ஏனென்றால் பேச்சோடு எழுத்தும் பாதித்திருக்கும். ஆனால் எண்ணுவது, கிழமைகள் சொல்வது, பழகிய பாட்டு ஆகியவை பல நேரம் தடையில்லாமல் வரும். அவருக்குப் பிடித்த பாட்டைக் கூடவே பாடுங்கள். ராகத்தில் இழுத்துச் சொல்லவைக்கும் பயிற்சியைப் பேச்சுப் பயிற்சியாளர்களும் பயன்படுத்துகிறார்கள். முக்கியமாக, அவரை வைத்துக்கொண்டே "இவருக்கு ஒண்ணும் புரியாது" என்று வந்தவர்களிடம் சொல்லாதீர்கள்.

சரளமாகப் பேசுகிறார், பொருள் இல்லை

இடது காதுக்கு மேலே, பொட்டுமடலின் பின்பகுதியில் இருப்பது வெர்னிக்கே பகுதி. கார்ல் வெர்னிக்கே இதை 1874இல் விவரித்தார். இங்கே பாதித்தால் பேச்சு ஆறாக ஓடும், ஆனால் சொற்கள் தப்புத் தப்பாக விழும். பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. கை கால் நன்றாக இருக்கக்கூடும் என்பதால், மனநோய் என்றோ காற்றுக் கருப்பு என்றோ நினைத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். திடீரென்று ஒருவர் பொருளில்லாமல் பேசத் தொடங்கினால் அது பக்கவாதமாக இருக்கலாம் என்று நினைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவரிடம் சத்தம் போட்டுப் பேசிப் பயனில்லை. காதில் கோளாறு இல்லை. டிவியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். மாத்திரை நேரம் என்றால் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

இந்த இரண்டு இடங்களையும் இடது பக்கம் என்று சொல்லக் காரணம் உண்டு: வலது கைப்பழக்கம் உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்கு மொழி இடது மூளையில்தான். இடது கைப்பழக்கம் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படியே.

இலையில் பாதி அப்படியே

உச்சந்தலைக்குக் கீழே இருக்கும் உச்சிமடல் வலப்பக்கம் பாதித்தவருக்கு இலை போட்டால், வலப்பக்கத்துச் சோறும் கறியும் காலியாகும். இடப்பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் கூட்டும் தொடப்படாமல் கிடக்கும். "இன்னும் கொஞ்சம் கூட்டு போடு" என்றும் கேட்பார். கண் பார்க்கிறது, மூளை இடப்பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இடது கன்னத்தில் மட்டும் சவரம் செய்யாமல் விடுவதும், சட்டையின் இடது கையை மாட்டாமல் விடுவதும் இதனால்தான்.

பாதிச் சாப்பாடு முடிந்ததும் தட்டைத் திருப்பி வையுங்கள். தினசரித்தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அதைக் கண்டுபிடித்த பிறகே வரியைப் படிக்கச் சொல்லுங்கள். பயிற்சி நேரத்தில் இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர், அழைப்பு மணி, செல்போன் ஆகியவை மட்டும் எப்போதும் வலப்பக்கமே இருக்கட்டும். இவர்களில் சிலர் இடது கை கால் வரவில்லை என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எழுந்து நடக்கப் பார்த்து விழுவார்கள். தனியே விடாதீர்கள். வண்டி ஓட்டவோ அடுப்படியில் தனியாக நிற்கவோ விடவே கூடாது.

பின்மண்டையில் இருக்கும் பிடரிமடல் பாதித்தாலும் ஒரு பக்கப் பார்வை போகும். ஆனால் அப்படிப்பட்டவருக்குத் தன் குறை பெரும்பாலும் தெரியும். தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார். இரண்டு பேருக்குமே கண்ணாடியை மாற்றுவதில் பலன் இல்லை.

கால் வந்துவிட்டது, கை வரவில்லை

கை, கால், முகம் ஒவ்வொன்றையும் இயக்கும் இடங்கள் நெற்றிமடலின் பின்விளிம்பில் வரிசையாக இருக்கின்றன. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையை அறுவையின்போது மின்சாரத்தால் தூண்டி இந்த வரைபடத்தைத் தீட்டினார். கைக்கும் முகத்துக்கும் புறணியின் வெளிப்புறத்தில் பெரிய இடம். காலுக்கு மூளையின் இடது, வலது பாதிகளுக்கு நடுவே உள்புறத்தில். வெளிப்புறத்துக்கு ரத்தம் கொடுக்கும் நடுப்பெருமூளைத் தமனிதான் அதிகம் அடைபடுகிறது. அதனால் நடை சீக்கிரம் வரலாம், விரல்கள் பின்தங்கும்.

பந்தை அமுக்குவதோடு நிறுத்தாதீர்கள். டம்ளரை எடுத்து வைப்பது, துண்டை மடிப்பது, மொச்சை உரிப்பது என்று நிஜமான வேலைகளைக் கொடுங்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள்மூட்டு நழுவும்.

ஆளே மாறிவிட்டார்

நெற்றிமடலின் முன்பகுதி பாதித்தால் எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்தே இருப்பார், அல்லது முன்பின் பார்க்காமல் பேசிவிடுவார். "போய்க் குளிங்க" என்றால் நகரமாட்டார். "எழுந்திருங்க", "துண்டை எடுங்க" என்று படிப்படியாகச் சொன்னால் செய்வார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதற்கு மருந்து உண்டு; மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டியவை

ஸ்கேன்படி எந்தப் பக்கம், எந்த மடல்? பேசுவது, புரிந்துகொள்வது, பார்வை, விழுங்குவது ஆகிய நான்கையும் சோதித்தார்களா? பேச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும் எப்போது தொடங்குவது? விழுங்குவதைச் சோதிக்காமல் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம்.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. பேச்சு வருடக்கணக்கில்கூடத் தேறுகிறது. மறுபடியும் வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சீக்கிரம் போகப் போகக் காப்பாற்றப்படும் புறணியின் பரப்பும் அதிகம்.