கோயில் முன்பா, கிராம சபையா, சாளை வாசலா?

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டதிலிருந்து அன்னூர் சுற்றுவட்டாரத்தில் குளத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் அது. அதன் ஆறு நீரேற்று நிலையங்களில் ஒன்று அன்னூரில் இருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் போதாது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும், நீர்வழியை மறித்துப் போட்ட வேலியை எடுக்கச் சொல்ல வேண்டும். “ஒரு கூட்டம் போட்டுப் பேசிப்போடலாமுங்க” என்று யாராவது சொல்வார்கள். எந்தக் கூட்டம் என்று யாரும் கேட்பதில்லை. கோயில் முன்னால் இடம் இருக்கிறது, மைக் செட்டுக்காரர் பழக்கம், அவ்வளவுதான், நாள் குறித்தாயிற்று.

இடத்தை முடிவு செய்யும் முன், கூட்டம் கலையும்போது எது மாறியிருக்க வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் கூட்டமே வேண்டாம். செய்தி சொல்ல மட்டும்தான் என்றால் வாட்ஸ்அப் குழு போதும். சில வேலைகளுக்கு அதுகூடத் தேவையில்லை. குளத்து வண்டலை விவசாயத்துக்கு அள்ள வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024-ல் விதியை எளிதாக்கிவிட்டார்கள். அதற்கு ஊரைக் கூட்டி இரண்டு மணி நேரம் உட்கார வைப்பானேன்?

அரசாங்கத்தின் காசோ கையெழுத்தோ வேண்டுமென்றால் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், அதற்கு மேல் 10,000 வரை 200 பேரும் வந்தால்தான் கோரம். தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த ஆறில் நான்கு அரசு விடுமுறை. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் பெரும்பாலும் வேலைநாளில் விழும்; மில்லுக்குப் போகிறவர்களும் விசைத்தறி ஓட்டுகிறவர்களும் வர முடியாது. ஆள் பலம் வேண்டிய தீர்மானத்தை அந்த இரண்டு நாளில் வைக்காதீர்கள். அன்னூர் பேரூராட்சிக்குள் குடியிருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் முதலில் வார்டு கவுன்சிலரைத்தான் பார்க்க வேண்டும்.

கிராம சபையின் குறை ஊருக்கே தெரியும். மேலிருந்து வந்த பொருள் பட்டியலையும் வரவு செலவையும் வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள். கிராம சபை கூடியதும் சுருக்கமாக ஒரு பொதுப் பேச்சு. பிறகு விவசாயம், குடிநீர், கல்வி என்று பொருள்வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசி, முடிவை மட்டும் சபைக்குக் கொண்டுவந்தார்கள். மைக் முன்னால் வாய் திறக்காதவர்கள் குழுவில் பேசுவார்கள். நம் ஊரிலும் இதைச் செய்யலாம். பள்ளிக்கூட மைதானத்தில் நான்கு மரம் இருந்தால் இடம் தயார்.

அன்று மாலையே காசு சேர வேண்டுமென்றால் கோயில் முன் ஊர்க்கூட்டத்துக்கு ஈடு எதுவுமில்லை. வீட்டுக்கு இவ்வளவு வரி என்று பெரியவர் ஒருவர் சொன்னால், ஜேசிபி வாடகை இரவுக்குள் சேர்ந்துவிடும். ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் காடுதோட்டம் உள்ளவர்கள். பெண்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றபடி. காலனியிலிருந்து வந்தவர்கள், வந்திருந்தால், ரோட்டோரம் வண்டி மேலேயே. குளத்துக்குள் ஆடு மேய்ப்பவரும், கரையோரம் குடிசை போட்டவரும் பெரும்பாலும் அந்த ரோட்டோரத்தில்தான் இருப்பார்கள். முடிவு முதலில் தொடப்போவது அவர்கள் பிழைப்பை. கிராம சபையை எந்த மதத்தின் வளாகத்திலும் நடத்தக்கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் அறிவுறுத்துவது வெறும் சம்பிரதாயமில்லை. எல்லோருக்குமான தண்ணீரைப் பற்றிய பேச்சை எல்லோரும் உட்காரக்கூடிய இடத்தில் வைப்பதுதான் முறை.

கல்யாண மண்டபக் கூட்டம் எனக்குப் பிடிக்காது. பொன்னாடைக்கே முக்கால் மணி நேரம் போய்விடும். ஆனால் பல ஊர்கள் சேர்ந்து பலத்தைக் காட்ட வேண்டிய நேரம் வரும். 2021-ல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் தொழிற்பூங்காவுக்காக 3,800 ஏக்கருக்கு மேல் எடுக்க அரசாணை வந்தபோது ஆறு ஊராட்சி விவசாயிகள் திரண்டார்கள். விவசாயிகளின் விருப்பமில்லாமல் நிலம் எடுக்கப்படாது என்று 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது. அந்த மாதிரி நேரத்தில் தலைக்கணக்கே பேச்சு. குளத்துக் கரையைப் பற்றிப் பேச அந்தத் திரள் தேவையில்லை.

கடைசி வகைக்குப் பெயர்கூடக் கிடையாது. தோட்டத்து வீடான சாளையின் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவது. வேலி விவகாரத்தை இங்கே மட்டும்தான் பேச முடியும். ஊர் நடுவே “உங்க வேலிதானுங்க தண்ணியை மறிக்குது” என்று சொல்லிவிட்டால், அந்த ஆள் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் மானம் விடாது. சாளை வாசலில் அதே ஆள், “மொதல்ல சர்வேயரைக் கூட்டியாங்க, அளந்து பாத்துப்போடலாம்” என்பார். அது போதும். யாரைக் கூப்பிடுவது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வேலிக்காரர், அவர் பேச்சைத் தட்டாத பங்காளி ஒருவர், தண்ணீர் கிடைக்காத கடைமடைக்காரர், வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர். “சும்மா வந்தேன்” என்று வருகிறவர்களைத் தவிர்த்துவிடுங்கள். இங்கே பேசியது மறுநாள் டீக்கடையில் வேறு மாதிரி கேட்கும்.

எந்த வகையானாலும் நேரம் முக்கியம். மாலை ஐந்து மணி என்று போட்டால், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் பெண்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள். ஏழு என்றால் சமையல். விசாரித்தால் ஊருக்கு ஊர் ஒரு நேரம் கிடைக்கும், விசாரிப்பதுதான் இல்லை. டீயை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசியில் என்றால் பேச்சைவிட கேன் வரும் திசையில்தான் கண் இருக்கும்.

குளத்துக்கு என் யோசனை இது: முதலில் சாளை வாசல், அதுவும் இரண்டு மூன்று இடங்களில், காலனியில் ஒன்று கட்டாயம். பிறகு விடுமுறை நாளில் வரும் கிராம சபை. வரி போட வேண்டியிருந்தால் மட்டும் ஊர்க்கூட்டம். கிராம சபைக்குப் போகும்போது தீர்மானத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள், குளத்தின் சர்வே எண்ணோடு. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். நகல் கேட்டுத் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கலாம்.