லெ மோர்ன் ஏறப் போகிறீர்களா?

மொரிஷியஸ் தீவின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீண்ட நிலத்தில் தனியாக நிற்கிறது லெ மோர்ன் பிராபான். 556 மீட்டர் உயர எரிமலைப் பாறை. உச்சியைச் சீவிவிட்டாற்போலத் தட்டையாக இருக்கும்.

முதல் தடவை காலை ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினேன். பாதித் தூரம் வரை அகலமான மண்பாதை, அங்கங்கே நிழல். கஷ்டமே இல்லை என்று தோன்றியது. அதற்கு மேல் பாறை செங்குத்தாகிவிட்டது. கையூன்றித்தான் ஏற வேண்டும். கல் சுட்டது, தண்ணீர் தீர்ந்தது, திரும்பிவிட்டேன். அடுத்த முறை விடியும்போதே கிளம்பினேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள காலணி. முந்தின இரவு மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஈரப்பாறை வழுக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல இறங்கினால் பயம் குறைகிறது.

பாதை ஒரு சிலுவையோடு முடிகிறது. அங்கிருந்து பச்சையும் நீலமுமாகக் கடல் விரிகிறது. ஆனால் நான் நெடுநேரம் பார்த்தது கடலை அல்ல, எதிரே, யாரும் போக முடியாதபடி நின்ற உச்சியை. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இந்த மலையின் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்த படையினரை, தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பலர் மலையிலிருந்து குதித்துவிட்டார்கள் என்பது அங்கே வாய்வழியாக வழங்கும் கதை. பிப்ரவரி 1 இன்று மொரிஷியஸில் பொது விடுமுறை. 2008இல் யுனெஸ்கோ இந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் இந்த வரலாற்றுக்காகத்தான்.

மொரிஷியஸ் என்றதும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முன்பே இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. ஏறும் முன் அடிவாரத்திலுள்ள அடிமை வழி நினைவுச்சின்னத்தில் சற்று நில்லுங்கள்.

மேலே சிவப்பு மணிபோலத் தொங்கும் ஒரு பூ கண்ணில் படலாம். அந்த நாட்டின் தேசியப் பூ அது. உள்ளூர்ப் பெயருக்குக் கம்மல் என்று பொருள். தேனும் சிவப்பாகவே இருக்கும். தயவுசெய்து பறிக்காதீர்கள். அது இயற்கையாக வளர்வது இந்த ஒரு மலையில் மட்டும்தான்.