ஆற்றைக் கடத்தும் அருள்

நுழையும்முன்

மனிதனைக் கரைசேர்ப்பது அவனது விடாமுயற்சியா, இறைவனின் அருளா? சமய இலக்கியங்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் வினா இது. ஒரு வழிப்பயணத்தின் கதையாக இவ்வினாவை முன்வைத்த ஆங்கில நூல், தமிழில் பெருங்காப்பியமாக மலர்ந்தது.

கம்பனில் தோய்ந்த கவிஞர்

எச்.ஏ. கிருட்டிணனார் 1827ஆம் ஆண்டு நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தார். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1858ஆம் ஆண்டு சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறினாலும் கம்பனின் தமிழ் அவரை விட்டு நீங்கவில்லை. 1894ஆம் ஆண்டு வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் அதற்குச் சான்றாகும்.

சிறையில் பிறந்த கதை

இக்காப்பியத்திற்கு மூலம், ஜான் பன்யன் 1678ஆம் ஆண்டு வெளியிட்ட வழிப்பயணியின் கதையாகும். பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் எளிய தொழிலாளியின் மகன் பன்யன். அரசின் ஒப்புதலின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காகப் பெட்போர்டு சிறையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தவர். உரையாற்றுவதில்லை என உறுதியளித்தால் விடுதலை பெறலாம் என்ற நிலையிலும் அவர் இணங்கவில்லை.

அவருடைய கதைத்தலைவன் அழிவின் நகரை விட்டு விண்ணக நகர் நோக்கி நடக்கிறான். முதுகில் பாவச்சுமை அழுத்துகிறது. அதனை அவன் தன் வலிமையால் இறக்கி வைப்பதில்லை. சிலுவையின்முன் நின்றபொழுது அது தானே கழன்று விழுகிறது. அருள் என்பது உழைத்துப் பெறும் கூலியன்று, கொடை என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

எனினும் பயணம் அங்கு முடிவதில்லை. சுமை நீங்கிய பின்னரே செங்குத்தான மலையும் இருண்ட பள்ளத்தாக்கும் எதிர்ப்படுகின்றன. ஐயக்கோட்டையில் அடைபட்டு, அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் அடியுண்டு கிடக்கும் அவன், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததை நாள்கள் கடந்தே உணர்கிறான்.

இறுதி ஆறு

நகரின் வாயிலுக்கு முன்னால் மரணம் என்னும் ஆறு ஓடுகிறது. அதற்குப் பாலம் இல்லை. நம்புவோரின் நம்பிக்கைக்கேற்ப அதன் ஆழம் கூடும், குறையும். இத்துணைத் தொலைவு நடந்து வந்தவன் அங்கே அஞ்சி மூழ்கத் தொடங்குகிறான். பழைய பிழைகள் நினைவில் எழுந்து வருத்துகின்றன. உடன்வந்த தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடித்து, இத்துன்பம் இறைவன் கைவிட்டதற்கு அடையாளமன்று எனத் தேற்றுகிறான். சற்று நேரத்தில் அவன் காலடியில் தரை தட்டுப்படுகிறது.

அவன் அச்சமற்றவனாகக் கரையேறவில்லை. அஞ்சியபோதும் தாங்கப்பட்டவனாகவே கரையேறினான். மறுமையைப் பற்றி அனைத்தையும் அறிந்திருத்தல் நம்பிக்கையன்று. அறியாத ஆழத்திலும் தாங்குபவரை நம்புதலே நம்பிக்கை என்பது இக்காட்சியின் உட்பொருள்.

தமிழ்மரபில் இவ்வினா

இவ்வினா தமிழ்மண்ணுக்குப் புதிதன்று. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல அடியவர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பர் வைணவருள் ஒரு சாரார். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல இறைவனிடம் தம்மை ஒப்படைத்தலே போதும் என்பர் மற்றொரு சாரார். பன்யனின் கதையில் இவ்விரண்டையும் காணலாம். பயணி இறுதிவரை நடக்கிறான். நடக்க இயலாத இடத்தில் தாங்கப்படுகிறான். வைணவத்தில் வளர்ந்து கிறித்தவரான ஒரு கவிஞரை இக்கதை ஈர்த்ததில் வியப்பில்லை.

நூல்வெளி

இரட்சணிய யாத்திரிகம் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட உருவகக் காப்பியம். இது ஐந்து பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பன்யனின் உரைநடையைத் தழுவிய கிருட்டிணனார், இயேசுவின் பாடுகளையும் விரித்துப் பாடியுள்ளார். போற்றித் திருஅகவல், இரட்சணிய மனோகரம் ஆகியவையும் இவருடைய படைப்புகள். இவர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படுகிறார். 1900ஆம் ஆண்டு மறைந்தார்.

கற்பவை கற்றபின்

1. சுமை சிலுவையின்முன் கழன்று விழுவதும், ஆற்றில் பயணி தாங்கப்படுவதும் அருளின் எவ்வெவ் இயல்புகளைக் காட்டுகின்றன?
2. ‘முயற்சியும் அருளும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.