தளர்நடைக் குழந்தையின் முதல் பூங்காப் பயணம்

ஏப்ரல் பிறந்ததும் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "மூத்தவனுக்குப் பள்ளி விடுமுறை. எல்லோரும் தீம் பார்க் போகலாம் என்றிருக்கிறோம். சின்னவளுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?"

அழைத்துச் செல்லலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதில் தடை ஏதும் இல்லை. ஆயினும் புறப்படுமுன் பெற்றோர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாள் யாருடைய அளவில் திட்டமிடப்படுகிறது? நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தின் அளவிலா, மூத்த பிள்ளையின் ஆசையின் அளவிலா, அல்லது ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட ஒரு சிறிய உடலின் அளவிலா? பூங்காவிலிருந்து நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேரும் குழந்தைகளைப் பார்க்கும்போது, முதல் இரண்டு அளவுகளில் போடப்பட்ட திட்டமே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருப்பதைக் காண்கிறோம்.

இவ்வயதுக் குழந்தைக்கு உண்மையில் வேண்டியவை மிகச் சில. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் நீராடலும் ஊசலும் உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேரில் முடிகிறது. தண்ணீர், ஊஞ்சல், உருளும் வண்டி ஆகிய மூன்றும் ஒரு பூங்காவில் கிடைத்துவிட்டால் தளர்நடைக் குழந்தையின் உலகம் நிறைந்துவிடும். வானளாவிய இராட்டினத்தை அது ஏறிட்டும் பார்க்காது. நீரூற்றின் அருகே அரை மணி நேரம் கைதட்டி நிற்கும். ஆகவே சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களாயினும், மேட்டுப்பாளையம், கொச்சி, பெங்களூரு போன்ற இடங்களில் உள்ளவையாயினும், எல்லாவற்றையும் காட்டி முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. மூன்று மணி நேரம் போதும்.

காலமும் நேரமும்

பள்ளி செல்லாத குழந்தைக்குப் பள்ளி விடுமுறைக் கணக்கு தேவையில்லை. மூத்த பிள்ளைகள் இல்லாத குடும்பத்தார், பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின், சனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வார நடுவில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். வெயிலும் குறைவு, வரிசையும் குறைவு. மூத்தவர்களுக்காக விடுமுறையில்தான் செல்ல வேண்டும் என்றால் அரையாண்டு விடுமுறை கோடையைவிட மேலானது. மே மாதத்தின் அக்கினி நட்சத்திர நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இதில் நாங்கள் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கிறோம்.

ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெளியூர்ப் பூங்காவுக்குச் செல்வோர் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் நேரே பூங்கா வாயிலில் இறங்குவது வழக்கமாக உள்ளது. குழந்தை அந்த நாளைக் கடனோடு தொடங்குகிறது. முந்தைய நாள் மாலையே ஊரை அடைந்து, பூங்காவுக்கு அருகில் தங்கி, நன்கு உறங்கிய குழந்தையுடன் கதவு திறக்கும் நேரத்தில் உள்ளே நுழையுங்கள். மதிய உணவுக்கும் உறக்கத்துக்கும் அறைக்குத் திரும்பிவிடுங்கள். மாலையில் அதே சீட்டில் மறுபடி அனுமதிப்பார்களா என்பதை முன்னரே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். நண்பகலில் தரையில் புரண்டு அழும் குழந்தையை "அடம்" என்று கடிந்துகொள்கிறோம். பெரும்பாலும் அது உறக்கமும் தாகமும்தான்.

வெயில்

1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அன்று வெயில் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியசைத் தொட்டது. குழாய்ப் பணியாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை. புதிதாகப் போட்ட தார்த்தரையில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. பெரியவர்களே தவித்துப்போன நாள் அது. சென்னையில் 38 டிகிரி என்பது கோடையின் சாதாரண நாள். மேலும் சிறு குழந்தையின் உடல், தன் எடையை நோக்க அதிகமான தோற்பரப்பைக் கொண்டது. ஆகவே சுற்றுப்புற வெப்பத்தை விரைவில் உள்வாங்குகிறது. பெரியவரைப்போல் வியர்த்துத் தணிக்கவும் அதனால் இயலாது. தாகம் என்று சொல்லவும் தெரியாது.

கேட்கும்வரை காத்திராமல், விழித்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கொரு முறை சில மிடறு தண்ணீர் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையும் அடிக்கடி தரலாம். தள்ளுவண்டியின் மேல் துணியை மூடிவிட்டால் நிழல் கிடைக்கும் என்று எண்ணிப் பலர் அவ்வாறு செய்கின்றனர். துணிக்குள் காற்று தேங்கி வெப்பம் ஏறுகிறது, மூடாதீர்கள். நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடலாகாது. பத்தே நிமிடங்களில் காரினுள் வெப்பம் சுமார் 10 டிகிரி உயர்ந்துவிடும்.

அணையாடை எவ்வளவு நேரமாக நனையவில்லை என்பதைப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை, வாய் உலர்ந்துள்ளது, அழுதால் கண்ணீர் வரவில்லை, குழந்தை சோர்ந்து சரிகிறது என்றால் நீர்ச்சத்துக் குறைந்துள்ளது என்று பொருள். உடல் அனலாகக் கொதித்து, குழந்தை மயங்கினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108 எண்ணை அழையுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்த வெப்பத்தைக் குறைக்காது.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும். குறைத்த நீரில் கலந்தால் தீங்கு நேரும். 24 மணி நேரம் கடந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். கடையில் வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் அமைந்ததா என்று உறையைப் படித்து வாங்குங்கள். சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துகளைத் தாங்கி விற்கப்பட்டு வந்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அவ்வழக்கத்துக்குத் தடை விதித்தது. பேதியாகும் குழந்தைக்கு அத்தகைய பானம் நோயை மிகுவிக்கும்.

தண்ணீர்

இப்பயணத்தில் உயிருக்கு ஆபத்தானது எது என்று கேட்டால், உயரமான இராட்டினத்தைப் பலர் சுட்டுவர். நாங்கள் முழங்கால் அளவுத் தண்ணீரைச் சுட்டுவோம். தளர்நடைக் குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது. குப்புற விழுந்தால் தலையைத் தூக்கி எழ அதனால் முடியாது. சில அங்குல நீரே போதும். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையைத் தட்டுவதுமில்லை. ஒரு நிமிடத்துக்குள், ஓசையின்றி முடிந்துவிடும்.

ஆகவே குழந்தை நீரில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தொலைவில் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் அமர்ந்து பார்ப்பது காவல் ஆகாது. யார் காவல் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்: "இப்போது சித்தப்பா, கால் மணி கழித்து அத்தை." காவலில் உள்ளவர் கைப்பேசியைப் பிறரிடம் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பேர் உடன் சென்ற குடும்பத்தில், எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்த அந்த இரண்டு நிமிடங்களில்தான் விபத்து நேர்கிறது. காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்களே. உயிர்காக்கும் கருவிகள் அல்ல. நீர் விளையாட்டுக்கு ஒளிரும் ஆரஞ்சு, மஞ்சள் நிற உடை அணிவியுங்கள். நீலமும் வெள்ளையும் நீருக்கடியில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நீரில் மூழ்கி மீட்கப்பட்ட குழந்தைக்கு அதன்பின் சில மணி நேரத்துக்குள் விடாத இருமலோ, மூச்சுத் திணறலோ, வழக்கத்துக்கு மாறான தூக்கமோ இருந்தால் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குளோரின் கலந்த நீர் தூயது என்பது பாதி உண்மை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் இட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை நீரில் இறக்காதீர்கள்; இது பிறர் குழந்தைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. நீச்சல் அணையாடை மலத்தை ஓரளவு தாங்கும், கிருமியைத் தடுக்காது. மணிக்கொரு முறை, குளத்தருகே அல்லாமல் கழிப்பறையில் மாற்றுங்கள்.

மடியில் அமர்த்திச் சறுக்காதீர்கள்

அன்பினால் நேரும் எலும்பு முறிவு ஒன்று உண்டு. தனியே சறுக்கப் பயப்படும் குழந்தையைத் தாயோ தந்தையோ மடியில் அமர்த்திச் சறுக்குமரத்தில் இறங்குகின்றனர். குழந்தையின் கால் பக்கச் சுவரில் பட்டு நின்றுவிடுகிறது. பெரியவரின் எடையோ உடலைக் கீழே இழுத்துச் செல்கிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு திருகி முறிகிறது. தனியே சறுக்கும் குழந்தைக்குக் கால் மாட்டிக்கொண்டாலும் அதன் சிறிய எடையால் பெரும்பாலும் அவ்வளவு கேடு விளையாது. தனியே சறுக்கக்கூடிய சிறு சறுக்குமரத்தைத் தேர்ந்து, அருகில் நடந்து வாருங்கள். நடக்க மறுக்கும் குழந்தையை, வீக்கம் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயர அளவுகோல் பற்றியும் ஒரு சொல். இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். மூன்று வயதில் ஏறத்தாழ 95. பாதுகாப்புப் பட்டை உடலைப் பற்றி நிறுத்தும் உயரத்தைக் கொண்டே அந்தக் கோடு வரையப்பட்டுள்ளது. குதிகாலை உயர்த்தி நிற்கச் சொல்லி ஏற்றிவிடுவது, பட்டைக்கு அடியில் வழுக்கி விழ வழி செய்வதாகும். ஒருவர் ஏற, மற்றவர் குழந்தையுடன் கீழே நிற்கலாம்.

உணவைப் பொறுத்தவரை பழகிய உணவே போதும். இட்லி, வாழைப்பழம் இரண்டும் வெயிலுக்கும் வயிற்றுக்கும் ஏற்றவை. குழந்தை உணவை உள்ளே அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூங்காவெங்கும் விற்கும் பாப்கார்னையும் வேர்க்கடலையையும் நான்கு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். காலையில் உள்ளே நுழையும்போதே அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து, குழந்தையின் முன்கையில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு "அம்மா பெயர் என்ன?" என்றால் "அம்மா" என்றே பதில் வரும்.

சிகிச்சையில் உள்ள குழந்தைகள்

நீண்ட நாள் மருத்துவமனையில் கழித்த குழந்தைக்கும் அதன் உடன்பிறப்புகளுக்கும் இப்படியொரு நாள் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட எங்களுக்கு விருப்பமில்லை. இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் ஒரு வழி இருக்கும்.

தலசீமியா உள்ள குழந்தைக்கு இரத்தம் ஏற்றிய அடுத்த சில நாட்களில் பயணத்தை வைத்தால் களைப்பின்றி விளையாடும். புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமும் நீர் விளையாட்டும் ஆகா. அக்குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்பது வீடு திரும்பும்வரை காத்திருக்கக் கூடிய செய்தி அன்று. நரம்பில் நிலையான குழாய் பொருத்தப்பட்டிருந்தால் அதை நீரில் அமிழ்த்தலாகாது. மார்பைத் திறந்து இதய அறுவை செய்யப்பட்ட குழந்தையை, எலும்பு கூடும் வரை, குறைந்தது ஆறு வாரம், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். முதுகையும் பின்புறத்தையும் தாங்கித் தூக்க வேண்டும். இராட்டினம் பற்றி இதய மருத்துவரே சொல்வார். வலிப்பு நோய் உள்ள குழந்தைக்கு ஒரு வேளை மருந்து தவறுவதும் இரவுத் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். மருந்தைப் பெட்டியில் போட்டு வண்டியில் விட்டுவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். அண்மைய வெளியேற்றச் சுருக்கத்தின் படம் ஒன்று கைப்பேசியில் இருக்கட்டும். வெளியூர் மருத்துவருக்கு அது பெரும் உதவி.

எல்லாக் குழந்தைகளுக்கும், 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்திலும் இட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசி முடிந்துள்ளதா என்று அட்டையைப் பாருங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கு அதைத் தாமாக இட்டுக்கொள்ளாமல் எங்களிடம் கேட்க வேண்டும்.

வீடு திரும்பியபின் இரண்டு வாரம் கவனம் தேவை. கிரிப்டோஸ்போரிடியம் தொற்றினால் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்தே வயிற்றுப்போக்கு தொடங்கும்; தட்டம்மையின் தடிப்பு தோன்ற ஏறத்தாழ இரண்டு வாரமாகும். அதற்குள் பூங்கா மறந்துபோயிருக்கும். பேதிக்கோ காய்ச்சலுக்கோ குழந்தையை அழைத்து வரும்போது, எந்த நாளில் எங்கே நீரில் விளையாடியது என்பதை மருத்துவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.