குரூப்பில் போட்டால் போதுமா?

ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர், பிளம்பர், எலக்ட்ரீசியன் என்று எத்தனை பேர் இருந்தாலும், கான்கிரீட் போடுகிற அன்று எல்லோர் கையிலும் ஒரே டிராயிங் இருக்க வேண்டும். வேலப்பன்சாவடியில் நான் எடுத்துச் செய்த கிளினிக் கட்டிடத்தில் அது இல்லை.

பிளான் அப்ரூவல், கடைக்கால் எல்லாம் வழக்கம்போல முடிந்தன. மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்ததிலிருந்து, என்னிடம் வருகிற ஓனர்கள் மண் ரிப்போர்ட் பார்க்காமல் வானம் தோண்ட விடுவதில்லை. டிராயிங்கைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

முதல் மாடி டாய்லெட்டை ரோட்டுப் பக்கத்திலிருந்து பின்பக்கம் மாற்றச் சொன்னார் ஓனர். ஆர்க்கிடெக்ட் ஆபீசில் மாற்றி வரைந்து, ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் டைல்ஸ் படங்களுக்கு நடுவே போட்டார்கள். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் அந்தக் குரூப்பிலேயே இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக் கம்பி கட்டி, பழைய இடத்திலேயே டாய்லெட்டுக்கான பள்ளத்தோடு சங்கன் ஸ்லாப் இறக்கினோம். கையெழுத்துள்ள தாளை ஒதுக்கிவிட்டு செல்போன் படத்தைப் பார்த்துக் கம்பி கட்ட முடியாது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

சென்ட்ரிங் பிரித்ததும் பிளம்பர் வந்தார். புது டிராயிங் அவரிடம் மட்டும் இருந்தது. தூணை ஒட்டி, பீமின் அடிப்பக்கத்தில் சிவப்புச் சாக்பீஸால் நாலு இஞ்ச் வட்டம் போட்டு கோர் கட்டிங் மெஷினை மாட்டிக்கொண்டிருந்தார். ஷியர் அதிகம் வருகிற இடம் அது. அதற்காகத்தானே அங்கே ரிங்கை நெருக்கிக் கட்டுகிறோம்! “ஒரு பைப்புதானே சார்” என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு போன் போட்டேன். “குரூப்ல போட்டோமே சார்.”

ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வந்து பார்த்தார். பீமைத் தொடாமல் ஸ்லாபில் மட்டும் துளை போட்டு, பைப்பை பீமுக்குக் கீழே தொங்கவிட்டு ஃபால்ஸ் சீலிங் கொடுத்தோம். பழைய பள்ளத்தை நிரப்பினோம். அத்தனை செலவையும் என் பில்லில் பிடித்தார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்பவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1981 ஜூலை 17 அன்று ஹயாத் ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேலும் கீழுமான இரண்டு நடைபாதைகளும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். பிறகு அதை இரண்டு கம்பியாக மாற்றியதில் மேல் நடைபாதையின் இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. மாற்றிய டிராயிங்கில் சீல் விழுந்தது. புதுக் கணக்கை யாரும் போடவில்லை.

இப்போது ஆர்க்கிடெக்ட்டும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரும் ஒரே தாளில் தேதியோடு கையெழுத்துப் போடாமல் ரெடிமிக்ஸுக்கு நான் சொல்வதில்லை. புதுத் தாள் வந்ததும் பழையதில் குறுக்கே கோடு இழுத்துவிடுகிறேன். நீங்களும் கம்பி கட்டி முடித்ததும் பிளம்பரையும் எலக்ட்ரீசியனையும் மேலே ஏற்றி, ஸ்லீவ் வைக்கிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓனர் வாய்வார்த்தையாக மாற்றம் சொன்னால் எழுதி வாங்குங்கள்; கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதன் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். அந்தக் கிளினிக்கின் கடைசி பில்லில் எனக்கு இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.